ஊராட்சித் தலைவி மல்லே எழுதிய பட்டியல்

பியோ மல்லே உப்பும் காய்ந்த நெத்திலியும் விற்றுப் பிழைத்தவள். வொல்தான் ஊராட்சியில் பதினான்கு மலைக்கிராமங்கள். பதினான்குக்கும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்வருவாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால், அவள் கூடையை இறக்கிய இடத்துக்கு நெத்திலி வாங்க வருகிறவர்களைவிடக் காகிதத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். பட்டாளத்துப் பிள்ளையின் கடிதம், வரி நோட்டீஸ், வீட்டைவிட்டுப் போன மருமகள் எழுதிய மன்னிப்பு, எதுவானாலும் படித்துக்காட்டுவாள். ஒரு வீட்டில் படித்ததை இன்னொரு வீட்டில் வாய்திறந்து சொன்னதில்லை. பின்னாளில் ஜனங்கள் அவளுக்கு ஓட்டுப் போட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

1956 வசந்தத்தில் தாக்கோல் கிராமத்து இம்சில்காரி ஒரு காகிதத்தை நீட்டினாள். இம்சில் அவள் பிறந்த ஊர். சொந்தப் பெயர் என்னவென்று அவளுக்கே மறந்திருக்கும். மல்லேயைவிட நான்கைந்து வயது மூத்தவள்.

"இதுல என்ன போட்டிருக்கு, பாரு மல்லே."

மல்லே முதலில் மனதுக்குள் படித்தாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்திருக்கு அக்கா. உங்க சின்னவன் சங்கோவுக்கு ஏழு வயசு ஆயிடுச்சாம். ஒண்ணாந்தேதி கூட்டிட்டு வந்து சேக்கணுமாம்."

இம்சில்காரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒரு பிடி ஆய்ந்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"இருந்திருந்தா இப்ப எவ்வளவு உசரம் இருப்பான்?"

சங்கோ செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வடக்கும் தெற்கும் போரிட்ட மூன்று வருடத்தில், 1951 பிப்ரவரியில், தாக்கோலுக்குச் சொந்த அரசாங்கத்துச் சிப்பாய்களே வந்தார்கள். மலையில் ஒளிந்திருந்த செம்படைக்காரர்களுக்குச் சோறு போட்ட கிராமம் இது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கூட்டம் இருக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட்டு, சீமைப்பனிச்சைப் பழத் தோப்புக்குக் கீழே இருந்த வயலில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அடுத்த இரண்டு கிராமங்களிலும் அதே மாதிரி. மொத்தம் தொண்ணூற்று நான்கு பேர். இம்சில்காரி மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு விறகுக்குப் போயிருந்ததால் தப்பினாள். மல்லே நான்கு வயது மகள் யோன்சிலை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினாள். மல்லேயின் புருஷன் தோ ஹக்சு வயலில் கிடந்தான். அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. செத்தவர்களைச் செத்தவர்கள் என்று பதிவு செய்யவும் யாரும் போகவில்லை. ஆகவே ஊராட்சி அலுவலகத்துக் குடும்பப் பதிவேட்டில் தொண்ணூற்று நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். வயது ஏறிக்கொண்டே போனது. சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓலை வந்தது. வாலிபர்களுக்குப் பட்டாளத்திலிருந்து வந்தது.

மறுநாள் மல்லே இம்சில்காரியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பதிவேட்டுக் குமாஸ்தாவின் பெயர் கி பியோங்முன். மெலிந்த ஆள், எப்போதும் இருமல். கெட்டவன் இல்லை.

"எப்படிச் செத்தான்?"

"சுட்டுட்டாங்க" என்றாள் இம்சில்காரி.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தான். கதவைப் பார்த்தான்.

"அக்கா, நோய்னு எழுதிக்கலாம். கைநாட்டு வையுங்க. பையன் பேரை இன்னிக்கே அடிச்சிடறேன். ஓலை வராது."

"என்ன நோய்?" என்றாள் மல்லே.

"அம்மைன்னு போட்டுக்கலாமே."

"தொண்ணூத்தி நாலு பேருக்கும் ஒரே நாள் காலையில அம்மை வந்துச்சா?"

"நான் வெறும் குமாஸ்தாம்மா. இதை என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது? மன்றத்துல போய்க் கேளுங்க."

அவளைத் தட்டிக்கழிக்கத்தான் அவன் அப்படிச் சொன்னான். மல்லே போய்க் கேட்பதென்றே முடிவு செய்தாள். அந்த ஆகஸ்டில் மன்றத் தேர்தல் வந்தது. வேட்புமனு கொடுத்தாள்.

வொல்தானில் ஒரு பெண் தேர்தலில் நின்றது அதுதான் முதல் தடவை. அரிசியில் கள் வடிக்கும் ஆலையின் முதலாளி போங் சிக்யூ சந்தைத் திடலில் நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"நெத்திலிக் கூடை தூக்குற தலையில இனிமே ஊராட்சியைத் தூக்கி வைக்கப் போறாங்களாம். நாத்தம் தாங்குமா?"

மல்லே உப்பு அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாத்தம்தானே அண்ணே, கழுவினாப் போயிடும். உங்க கள்ளுல கலக்குற தண்ணியைத்தான் பிரிச்செடுக்க முடியாது."

சிரித்தவர்களில் பாதிப்பேர் போங்கின் வாடிக்கையாளர்கள். மல்லே பதினோரு உறுப்பினர்களில் கடைசி ஆளாக ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தில் மன்றத் தலைவர் அவளைப் பார்த்து, "கெட்டில் அந்த மூலையில இருக்கும்மா" என்றார். மல்லே எழுந்து போய்ப் பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். ஒரே ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து குடித்தாள். அதற்கப்புறம் கெட்டிலைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை.

நான்கு வருடம் உறுப்பினராக இருந்தாள். ஓடைக்கு ஒரு மரப்பாலம் வந்தது, இரண்டு கிராமங்களுக்குக் கிணறு வந்தது. தாக்கோல் விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் எழுப்ப முடிந்தது. அவள் பேசப்பேச ஆண்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். "மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் முடிப்போம்" என்றார் தலைவர். பிறகு நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் படித்தபோது, 'உறுப்பினர் பியோ பாலம் குறித்துப் பேசினார்' என்று எழுதியிருந்தது.

1960 ஏப்ரலில் தலைநகரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது. கிழட்டு அதிபர் பதவியை விட்டு இறங்கினார். அதுவரை வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். மற்ற மாவட்டங்களில் குழிகளைத் தோண்டி எலும்புகளை எடுப்பதாகச் செய்தி வந்தது. தாக்கோலிலும் அந்த இலையுதிர்காலத்தில் எலும்புகளை எடுத்து, பிரிக்கமுடியாததைப் பிரிக்காமல், பெரியவர்களுக்கு ஒரு மேடு, பிள்ளைகளுக்கு ஒரு மேடு என்று புதைத்தார்கள். டிசம்பரில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நேரடித் தேர்தல் நடந்தது. மல்லேயும் போங் சிக்யூவும் நின்றார்கள். அறுபத்தொரு ஓட்டில் மல்லே ஜெயித்தாள்.

பதவி ஏற்ற அன்று குமாஸ்தா கி எழுந்து நின்று, "தலைவரம்மா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து.

அவள் தலைவியாக இருந்தது நான்கரை மாதம். அதில் பெரும்பகுதி பதிவேட்டிலேயே போனது. மேஜையில் உட்கார்ந்து ஜனங்களை வரச்சொன்னால் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நெத்திலி விற்ற அதே பாதைகளில் பனியில் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர் பெயர், வயது, எஞ்சியவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பார்த்த சாட்சி இருவர், எல்லாவற்றையும் எழுதிக் கைநாட்டு வாங்கினாள். இம்சில்காரி வைத்தது முதல் கைநாட்டு. தாக்கோலுக்குக் கீழேயிருந்த ஒரு கிழவர் மூன்று தடவை மறுத்து, நான்காவது தடவை மல்லே வந்தபோது, மை கொண்டுவந்தாயா என்று மட்டும் கேட்டார்.

பதிவேட்டில் அவள் சொன்ன வாசகத்தைக் குமாஸ்தா கி தன் அழகான கையெழுத்தில் எழுதினான்: 'தாக்கோலில் இராணுவத்தினர் சுட்டதால் இறப்பு.' இருமல் வந்தால் நிறுத்தி, மறுபடியும் எழுதினான். நாற்பது பெயர் முடிந்த பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னான்.

"தலைவரம்மா, பதிவேட்டுல ஒண்ணொண்ணா திருத்துங்க. நான் எழுதறேன். ஆனா எல்லாப் பேரையும் ஒரே பட்டியலா சேத்து வைக்காதீங்க."

"பட்டியல் இல்லாம நாடாளுமன்றத்துக்கு எதை அனுப்பறது? விசாரிக்கணும்னா அவங்களுக்குப் பேரு வேணாமா?"

"செத்தவங்க பேரு போதுமே. இருக்கறவங்க பேரு எதுக்கு, எந்த ஊரு, எந்த வேலைன்னு?"

"சாட்சி இல்லாம எவன் நம்புவான்?"

கி சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு எழுந்துபோனான். மல்லே அவனைக் கோழை என்று நினைத்தாள். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த மதியத்தை அவள் நினைத்துப் பார்த்தாள்.

ஒரு பிரதி தலைநகருக்குப் போனது. பதில் வரவில்லை. கைநாட்டுகள் இருந்த மூலப் பிரதி அவள் மேஜையின் இழுப்பறையில் இருந்தது. தொண்ணூற்று நான்கு இறந்தவர்கள், முப்பத்தெட்டுக் குடும்பங்கள், நூற்றுக்கு மேற்பட்ட உயிரோடிருப்பவர்கள்.

மே பதினாறாம் தேதி காலையில் போங்கின் கள் ஆலை ரேடியோவில், ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது என்று அறிவித்தார்கள். மன்றங்கள் கலைக்கப்பட்டன. இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பட்டாள லாரி ஒன்று பாலத்தைத் தாண்டியதைப் பார்த்ததாக ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்து சொன்னார். குமாஸ்தா கி உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"பின்பக்கம் குப்பை எரிக்கிற தகர டப்பா இருக்கு. நான் பத்த வச்சிருக்கேன். அதைக் கொடுங்க."

மல்லே இழுப்பறையைத் திறந்தாள். காகிதங்களை எடுத்தாள். மேலே இருந்தது இம்சில்காரியின் கட்டைவிரல். அதற்கடியில் மூன்று தடவை மறுத்த கிழவருடையது. அந்தக் கிழவர் மார்ச்சில் இறந்துபோயிருந்தார்.

"கொடுங்கம்மா."

"இதை எரிச்சா இவங்ககிட்ட மறுபடியும் கேக்க முடியாது. இன்னொரு தடவை எவனும் வைக்கமாட்டான்."

"இன்னொரு தடவைன்னு ஒண்ணு வரப்போவுதுன்னு நினைக்கறீங்களா?"

அவள் கொடுக்கவில்லை. பதிவேட்டு அலமாரிக்குப் பின்னால், சுவரோரம் செருகினாள். லாரி வந்து நின்றது. சிப்பாய்கள் ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். அலமாரியை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

மாவட்டத் தலைநகரில் ஒரு பழைய பட்டுநூல் கிடங்கில் அவளை வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இடது கையின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. விசாரித்த அதிகாரி வயதில் சின்னவன்.

"உன்னைச் செம்படைக்காரங்கதானே நிக்க வச்சாங்க?"

"நெத்திலி வாங்கினவங்க நிக்க வச்சாங்க" என்றாள் மல்லே.

ராணுவ நீதிமன்றம் மூன்று வருடம் கொடுத்தது. இரண்டரை வருடத்தில் விட்டார்கள். அந்த இரண்டரை வருடமும் மகள் யோன்சில் இம்சில்காரியின் வீட்டில் சாப்பிட்டாள், தூங்கினாள். பஞ்சகாலம். இம்சில்காரி தன் பார்லிக் கஞ்சியில் தண்ணீர் கூட்டி மூன்று பேருக்கு ஊற்றினாள்.

மல்லே திரும்பி வந்தபோது தாக்கோல் மேடுகள் சமமாக்கப்பட்டிருந்தன. நட்ட கல்லை உடைத்துப் புரட்டிப் போட்டிருந்தார்கள். பதிவேட்டில் குமாஸ்தா கி எழுதிய வாசகங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றை யாரும் அடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. கியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் மகன் வீட்டில் படுக்கையில் கிடந்தான்.

அவள் மறுபடியும் கூடையைத் தூக்கினாள். ஜனங்கள் நெத்திலி வாங்கினார்கள். காகிதத்தோடு யாரும் வரவில்லை.

1967-ல்தான் புரிந்தது. இம்சில்காரியின் மூத்த மகன் சங்முக், விறகுக்குப் போய்த் தப்பியவன், ரயில்வே தேர்வில் மாகாணத்தில் நான்காவதாக வந்தான். ஊரே பேசியது. இம்சில்காரி கோழி அடித்தாள். மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அடையாள விசாரணையில், அதாவது குடும்பத்தைப் பற்றிப் போலீஸ் விசாரித்ததில், தகுதியில்லை. காரணம் போடவில்லை. சங்முக் மாவட்டத் தலைநகர் வரை போய் ஒரு குமாஸ்தாவின் காலைப் பிடித்துக் கேட்டு வந்தான். போலீஸிடம் ஒரு புத்தகம் இருந்தது. வொல்தான் ஊராட்சியின் சந்தேகக் குடும்பங்கள் முப்பத்தெட்டு. பெயர், வயது, உறவு, இப்போது எங்கே வசிக்கிறார்கள். யார் தொகுத்தது என்பதும் முதல் பக்கத்தில் இருந்தது. பதிவேட்டு வாசகத்தை அடிக்காமல் விட்டதும், யார் எந்தக் குடும்பம் என்று பார்த்தவுடன் தெரிவதற்காகத்தான்.

மறுநாள் காலை இம்சில்காரி மல்லேயின் வீட்டுக்கு வந்தாள். மல்லே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். இம்சில்காரி உட்காரவில்லை.

"நீ ஏன் எரிக்கல?"

மல்லே கத்தியைக் கீழே வைத்தாள்.

"எரிக்கச் சொன்னான்ல அந்தக் குமாஸ்தா. தகர டப்பாவுல நெருப்பு வச்சுக்கிட்டு நின்னான்ல. ஊருக்கே தெரியும். நீ ஏன் கொடுக்கல?"

"உங்க கைநாட்டு மேல இருந்துச்சு அக்கா. எரிக்க மனசு வரல."

"என் கைநாட்டு. என் புள்ள பொழப்பு எரியுது, அதுக்கு உன் மனசு வந்துச்சா?" இம்சில்காரியின் குரல் உயரவே இல்லை. "அம்மைன்னு போட்டிருக்கலாம். அவன் அன்னிக்கே சொன்னான். செத்தவன் எதுல செத்தா என்ன? நீதான் விடல. உனக்கு நியாயம் வேணும். உனக்குப் பதவி வேணும். நான் உன் பொண்ணுக்குக் கஞ்சி ஊத்தினேன்."

"ஊத்தினீங்க."

"இனிமே என் வாசல் பக்கம் வராத."

சங்முக் கிழக்குக் கடற்கரைப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். அங்கே யாரும் அடையாளம் விசாரிப்பதில்லை. மல்லே முப்பத்தெட்டு வீடுகளுக்கும் போனாள். வாசலில் நின்று, "நான் எழுதினதாலதான்" என்று சொன்னாள். பதினோரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள். ஒரே ஒரு வீட்டில், ஆசிரியர் வேலை கிடைக்காமல் போன ஒருவர், உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணம் கள் ஊற்றிக்கொடுத்தார். "எங்க அப்பா அம்மையில சாகலம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதையும் வெளியில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

போலீஸ் நிலையத்துக்கும் போனாள். அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்கள், என்னை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எந்தப் பெயர்கள், அப்படி ஒரு புத்தகமே இல்லையே என்றார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போனாள். வருடத்துக்கு இரண்டு தடவை அப்படி ஒரு புத்தகம் இல்லை. யோன்சில் பூசான் துறைமுகத்தில் ரப்பர்ச் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்து, அம்மாவையும் வந்துவிடச் சொல்லி எழுதினாள். மல்லே போகவில்லை.

ஐந்து வருடம் கழித்து சங்முக் நுரையீரலில் தூசியோடு திரும்பி வந்தான். வயது இருபத்தொன்பது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். முதல் வீட்டில் சம்மதித்து, பிறகு விசாரித்துவிட்டு மறுத்தார்கள். இரண்டாவது வீட்டில் தரகரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்று மல்லே கூடையை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த ஹங்சே என்ற கிராமத்துக்குப் போனாள். அங்கே தாக்கோலிலிருந்து போய்க் குடியேறிய ஒரு தையல்காரப் பெண் இருந்தாள், பெயர் பொக்தான். அவளுடைய அப்பாவும் அண்ணனும் அதே வயலில் கிடந்தவர்கள். அவளையும் இரண்டு தடவை பெண்பார்த்து விட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் மதியம் மல்லே இம்சில்காரியின் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை.

"ஹங்சேயில ஒரு பொண்ணு இருக்கு அக்கா. நம்ம மாதிரி வீடு. விசாரிச்சுட்டு வேணாம்னு சொல்லமாட்டாங்க. அவங்களை விசாரிச்சாலும் இதேதான் வரும்."

இம்சில்காரி திரும்பிப் பார்க்கவில்லை. புளிக்கவைத்து உலர்த்துவதற்காகச் சோயா உருண்டைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று கட்டினாள், இன்னொன்று கட்டினாள். உள்ளே சங்முக் இருமினான்.

"இருமலைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பொண்ணுக்கு ஒரு கண்ணு மங்கல். அதை நான் சொல்லணும்னாங்க."

இம்சில்காரி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

"தையல் தெரியுமா?"

"அதுலதான் சாப்பிடறாங்க."

"வெயில்ல நிக்காத. உள்ள வந்து சொல்லு."

அந்த இலையுதிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மல்லே அதையே தன் வேலையாக வைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வீட்டுப் பிள்ளைகளை வேறு யாரும் கட்டுவதில்லை என்றால், அவர்களை அவர்களுக்குள்ளேயே கட்டிவைப்பது என்று நடந்தாள். கதவைத் திறக்காத பதினோரு வீட்டில் ஆறு வீடு, வயதுக்கு வந்த பெண் இருந்ததால் திறந்தது. மொத்தம் பதினேழு கல்யாணம் முடித்துவைத்தாள். சில நன்றாக வாழ்ந்தன, சில வாழவில்லை. பிறந்த குழந்தைகள் இரண்டு பக்கத்தாலும் சந்தேகக் குடும்பம் ஆனார்கள். அவளுக்கு அது தெரியும். அதைத் தாய்மார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

சங்முக் 1978-ல் இறந்தான். 1983 ஜனவரியில் மல்லே நுரையீரல் காய்ச்சலில் போனாள், அறுபத்திரண்டு வயதில். அவள் உயிரோடு இருந்தவரை விசாரணை எதுவும் நடக்கவில்லை, ஊராட்சித் தேர்தலும் மறுபடி வரவில்லை. சவ ஊர்வலத்தில் போலீஸ்காரர் ஒருவர் பாலத்தருகே நின்று, வந்தவர்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். இம்சில்காரி, எழுபதைத் தொடப்போகிறவள், தடியை ஊன்றிக்கொண்டு அவரைத் தாண்டும்போது தன் சொந்தப் பெயரைத் தானே சொல்லி, சரியாக எழுதிக்கொள் என்றாள்.